மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு வண்டி

சாரல் பருவத்திலே ஐந்தருவிச் சாலையில், உயர்ந்த முன்சக்கரமுடைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றைக் காணலாம். தார்ச்சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் ஒருங்கே ஏற்ற இவ்வண்டிகளின் வரலாறு சென்னையோடு பிணைந்தது.

விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்குக் கரடுமுரடான வழிகளைத் தாங்கும் வண்டி வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு புல்லட் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. முதலில் உறுப்புகளை வருவித்துப் பூட்டினர். பின்னர் அவற்றையும் இங்கேயே செய்தனர். 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது, சென்னையில் தழைத்தது.

அந்நிறுவனமே 2016-இல் ஹிமாலயனை வெளியிட்டது. 411 சி.சி. எஞ்சின், 21 அங்குல முன்சக்கரம், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். பெரிய சக்கரம் கல்லில் இடறாது உருண்டேறும். உயர்ந்த அடிப்பாகம் பாறையில் உரசாது. 2023-இல் 452 சி.சி. வண்டி அதன் இடத்தைப் பெற்றது. பழையவற்றைக் கைமாற்றாக வாங்குவோர் மெருகைப் பாராமல், சட்டத்தில் வெடிப்பும் சக்கர வளையத்தில் கோணலும் உண்டா என்றே பார்த்தல் வேண்டும்.

ஐந்தருவிக்கு மேலே காடு. மண்ணை உழும் சக்கரம் நீரோடும் வழியைக் கெடுக்கும். எங்கும் ஏறவல்ல வண்டியை உடையவரே காட்டின் எல்லையில் அதை நிறுத்தவும் கடமைப்பட்டவர்.