படத்தைச் சுற்றிய பேச்சு

பாடம் நடத்தப் படம் உதவும் என்பது பழைய செய்தி. 1658-இல் நியூரம்பெர்க் நகரில் கல்வியாளர் கொமேனியஸ் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ என்ற லத்தீன்–ஜெர்மன் பாடநூலில் 150 பாடங்கள் இருந்தன. அவற்றோடு மரச்செதுக்குப் படங்கள் வந்தன. படத்திலுள்ள பொருளுக்கு ஓர் எண், கீழே அதன் பெயருக்கும் அதே எண். பள்ளிக்கு வருமுன்பே பிள்ளைகள் வீட்டில் இந்தப் படங்களைப் பார்த்துப் பழகட்டும், பார்த்து வரையட்டும், இயன்றால் பொருளையே நேரில் காட்டுங்கள் என்று முன்னுரையில் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். மனப்பாடமும் பிரம்பும் ஆண்ட காலத்தில் பிள்ளைகள்மீது இவ்வளவு பரிவு காட்டியது பெரிய காரியம். ஆனால் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அதுவும் முன்பே அச்சாகிவிட்டது. ஆசிரியர் எண்ணைச் சுட்டுவார், மாணவர் பெயரைச் சொல்வார். படத்தை வைத்து மாணவரையே பேசவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெளிவாகக் காண, 300 ஆண்டுகள் கடந்து பிரேசிலின் வறண்ட வடகிழக்குக்கு வர வேண்டும். அங்கே நடந்ததை வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: கற்பதில் படத்தின் பங்கைவிட, படத்தைச் சுற்றி எழும் பேச்சின் பங்கு பெரிது. பேச்சை எடுத்துவிட்டால் படத்தின் பயனில் பெரும்பகுதி போய்விடுகிறது.

1963-இன் தொடக்கத்தில் ரியோ கிராண்டே டோ நோர்டே மாநிலத்தின் ஆன்ஜிகோஸ் என்ற சிற்றூரில், கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே வகுத்த முறைப்படி சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கின. கெடு 40 மணி நேரம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அன்றைய பிரேசிலில் வாக்குரிமை கிடையாது. எனவே எழுத்து அவர்களுக்கு அரசியல் உரிமையும்கூட. வகுப்புக்கு முன்பே ஊர்மக்களின் அன்றாடப் பேச்சிலிருந்து சொற்களைத் திரட்டினார்கள். பாடத்துக்குத் திறவுச்சொற்களாகத் தேர்ந்தவற்றில் ‘வாக்கு’, ‘மக்கள்’ என்பவையும் இருந்தன. கூடும் இடத்துக்கு வகுப்பறை என்று பெயரில்லை, ‘பண்பாட்டு வட்டம்’ என்றார்கள். வழிநடத்துபவரும் ஆசிரியர் அல்ல, ஒருங்கிணைப்பாளர்.

ஃப்ரெய்ரேயின் முறையில் எழுத்துக்கு முன்பு படம் வரும். ஓவியர் ஃபிரான்சிஸ்கோ ப்ரென்னான்ட் அதற்காகப் பத்துக் காட்சிகளைத் தீட்டித் தந்தார். முதல் படத்தில் ஓர் உழவர், கிணறு, வீடு, மரம், குழந்தையோடு ஒரு பெண், பன்றி. ஒரு சொல்கூட எழுதியிருக்காது. கிணற்றை யார் வெட்டினார்கள், எதற்காக, எப்படி, எதைக்கொண்டு என்று ஒருங்கிணைப்பாளர் கேட்பார். பிறகு, மரத்தை யார் செய்தார்கள் என்பார். மனிதர் செய்தது எது, இயற்கையில் இருப்பது எது என்று பேச்சு விரியும். அடுத்தடுத்த படங்களில் வில்லேந்திய வேட்டைக்காரர், துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர், எலி பிடிக்கும் பூனை. பூனை வேட்டையாடுவதும் மனிதர் வேட்டையாடுவதும் ஒன்றுதானா? இதற்குப் பதில் சொல்ல எழுத்து தெரிந்திருக்கத் தேவையில்லை. வாழ்நாள் முழுக்கக் கிணறு வெட்டியவருக்கு ஒருங்கிணைப்பாளரைவிட அதிகம் தெரியும். தனக்கு ஒன்றும் தெரியாது என்று கூசி வந்தவர், தான் செய்த கிணறும் பானையும் பண்பாடுதான் என்று தன் வாயாலேயே சொல்லும் நிலைக்கு வருகிறார். எழுத்து அதன் பிறகே வருகிறது.

அந்த எழுத்துப் பாடத்தையும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். செங்கலைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லான ‘டிஜோலோ’வை ஃப்ரெய்ரே தம் நூலில் எடுத்துக்காட்டாக விளக்குகிறார். முதலில் கட்டட வேலைக் காட்சி. அதைப் பற்றிப் பேச்சு. அடுத்து சொல், பின்பு டி–ஜோ–லோ என்ற பிரிப்பு, பிறகு ஒவ்வொன்றின் வரிசை: டா, டே, டி, டோ, டு. நம் உயிர்மெய் வரிசையைப் படித்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மூன்று வரிசைகளும் ஒரே அட்டையில் வந்ததும் கற்பவர்களே அசைகளைச் சேர்த்துப் புதுச் சொற்களை உண்டாக்குவார்கள்: ‘லோஜா’, கடை, ‘லூட்டா’, போராட்டம். யாரும் சொல்லித் தராத சொல் தன் கையாலேயே உருவாவது அந்த வகுப்பின் உச்சம்.

1963 ஏப்ரலில் ஆன்ஜிகோஸில் நடந்த நிறைவு வகுப்புக்கு குடியரசுத் தலைவர் ஜுவாவ் குலார்ட்டே வந்தார். 1964-இல் நாடு முழுவதும் 20,000 வட்டங்கள் அமைக்கத் திட்டமிட்டார்கள். அந்த ஆண்டே இராணுவம் ஆட்சியைப் பறித்தது. திட்டம் ரத்தானது, ஃப்ரெய்ரே சிறைப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

நாற்பது மணி நேரத்தில் கற்ற எழுத்து எத்தனை நாள் நிலைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தொடர்ந்து படிக்க நூலில்லாத ஊரில் எந்த எழுத்தறிவும் தேய்ந்துதான் போகும், ஆட்சிக் கவிழ்ப்பு அந்தத் தொடர்ச்சியை வெட்டிவிட்டது. ஆகவே வேகத்தை நான் சான்றாகக் கொள்ளவில்லை. எனக்குச் சான்று அதற்குப் பின்னால் நடந்தது. இராணுவ அரசு 1967-இல் ‘மொப்ரால்’ என்ற எழுத்தறிவு இயக்கத்தைச் சட்டமாக்கி, 1970 முதல் பெரிய அளவில் நடத்தியது. படம், திறவுச்சொல், அசை வரிசை எல்லாம் அதிலும் இருந்தன. ஆனால் சொற்களும் படங்களும் மேலிருந்து தேர்ந்து நாடு முழுமைக்கும் ஒரே மாதிரியாக அனுப்பப்பட்டன. கற்பவர் தம் நிலையை எடைபோட்டுப் பேசும் வெளி மட்டும் இல்லை. ஃப்ரெய்ரேயின் வெளிக்கூட்டை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. படம்தான் ஆபத்து என்றால் அந்த அரசு படத்தை ஒழித்திருக்கும். அது ஒழித்தது உரையாடலை.

இதைவிடக் கூர்மையான மறுப்பும் ஒன்று உண்டு: படத்தைத் தேர்ந்தவர் முன்கூட்டியே விடையையும் தேர்ந்துவிடுகிறார். வில், துப்பாக்கி, பூனை என்று அடுக்கியதிலேயே ஒரு முடிவை நோக்கிய திசை இருக்கிறது, கொமேனியஸின் எண்கள் மறைந்து நிற்கின்றன என்று சொல்லலாம். திசை இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் கிணற்றைப் பற்றி வறட்சியில் வாழ்பவர் என்ன சொல்வார் என்பது ஒருங்கிணைப்பாளரின் கையில் இல்லை. தம் சொற்களும் தம் ஊர்க் காட்சியும் முன்னால் இருக்கும்போது மறுத்துப் பேசும் தகுதி அவருக்கே அதிகம். படம் வேறெங்கிருந்தோ வரும்போதுதான் கற்பவர் வாயடைத்துப் போகிறார். 1990-களில் தமிழகத்தின் எழுத்தறிவு இயக்கமான அறிவொளியின் தொண்டர்கள் ஃப்ரெய்ரேயைத் தேடிப் படித்ததும் இந்த அக்கறையோடுதான். இன்று ஒரு படத்தை இணையத்தில் மாணவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் ஆசிரியருக்கும் ஆன்ஜிகோஸ் நெருக்கமானதே. அந்தப் படம் மாணவருக்குத் தெரிந்த உலகிலிருந்து வந்ததா, அதற்கு ஆசிரியர் எதிர்பாராத பதில் வர இடம் இருக்கிறதா என்ற இரண்டையும் அனுப்புமுன் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.