வீட்டு வாசலில் ஒரு பழைய கணினி

1990களின் நடுவில் ஒரு வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கினால் பெரும்பாலும் கிடைத்தது ஒரே ஒரு ஐபி முகவரிதான். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்று இணையத்தில் உலவும், மற்றது வேடிக்கை பார்க்கும்! ரவுட்டர் என்பது அப்போது அலுவலகங்கள் வாங்கும் பொருள். ஆனால் மூலையில் தூசி படிந்து கிடந்த 386, 486 கணினிகளே அந்த வேலைக்குப் போதுமானவையாக இருந்தன.

உள்ளே ஒரு முகவரி, வெளியே வேறொரு முகவரி என்று மாற்றித் தரும் 'நாட்' முறையை 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631 ஆவணம் விவரித்தது. லினக்ஸில் இதற்கு மாஸ்கரேடிங், அதாவது மாறுவேடம், என்று பெயர். 1996இல் வந்த 2.0 கர்னலில் இந்த வசதி இருந்தது. பழைய கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகினால் ரவுட்டர் தயார்.

லினக்ஸ் ரவுட்டர் புராஜெக்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. முழு ரவுட்டரும் 1.44 எம்பி நெகிழ்வட்டு ஒன்றில் அடங்கியது, ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். எல்லாம் நினைவகத்தில் ஏறி ஓடும். நெகிழ்வட்டின் எழுது-தடுப்பு விசையைத் தள்ளிவிட்டால், ஊடுருவியவன் செய்த மாற்றமெல்லாம் மறுதொடக்கத்தில் காணாமல் போகும். (அவன் நுழைந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும் என்பது வேறு விஷயம்!)

ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர்தான் கடினமான பகுதி. 1999இல் 2.2 கர்னலுடன் வந்த ஐபிசெயின்ஸ் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாகவே பார்த்தது. வருவது நாம் கேட்டதற்கான பதிலா, அழைக்காமல் வரும் விருந்தாளியா என்று அதற்கு நினைவில்லை. பதில் வரட்டும் என்று உயர் எண் போர்ட்டுகளைத் திறந்தே வைப்பார்கள். 2001 ஜனவரியில் 2.4 கர்னலின் ஐபிடேபிள்ஸ் இணைப்புகளை நினைவில் வைக்கத் தொடங்கியது. "உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் என்றால் விடு, மற்றதைத் தடு" என்று இரண்டே விதிகளில் ஒரு வீட்டைக் காக்க முடிந்தது. இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுதான். இரண்டையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல்.

2000இல் ஸ்மூத்வால், 2001இல் அதிலிருந்து பிரிந்த ஐபிகாப் ஆகியவை வந்தபின் கட்டளை எழுதத் தெரியாதவர்களும் பிரவுசர் வழியாகவே எல்லாவற்றையும் அமைத்தார்கள்.

பழைய கணினியை ஓரங்கட்டியது மின்சாரக் கட்டணமும் விசிறிச் சத்தமும். 2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டபிள்யூஆர்டி54ஜி சிறிய பெட்டி, சில வாட் போதும். திறந்து ஆராய்ந்தவர்கள் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று கண்டார்கள். ஜிபிஎல் உரிமத்தின்படி மூலநிரலைக் கேட்க, 2003இல் அது வெளிவந்தது. 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது அதிலிருந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஓபன்டபிள்யூஆர்டிக்கு அந்தப் பெட்டியின் நினைவகம் போதாது. பத்து, பதினைந்து வருடப் பழைய கணினியில் அது தாராளமாக ஓடும்.