பொன் பூத்த ஆர்க்கிட்

அறிவியலை ஆங்கிலத்திலேயே கற்கும் நம் பிள்ளைகளுக்கு 'மின்னாற்பகுப்பு' வெறும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. சிராங்கூன் சாலை நகைக்கடைகளைக் கடக்கும்போது அவர்களுக்கு நான் 'ரிசிஸ்' கதையைச் சொல்வதுண்டு.

1976-இல் சிங்கப்பூரின் தரநிலை, தொழில்துறை ஆய்வுக் கழகம் மெய்யான ஆர்க்கிட் மலருக்குப் பொன்முலாம் பூசியது. கழகத்தின் ஆங்கிலச் சுருக்கப்பெயரைத் திருப்பி எழுதினால் 'ரிசிஸ்'! இதழ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே முதலில் மின்கடத்தும் பூச்சு. பின்னர்ச் செம்புக் கரைசலில் மலரே எதிர்மின்வாய். செம்பு அயனிகள் அங்கே எலக்ட்ரான் பெற்று உலோகமாகப் படியும். பொன் இறுதியில்தான்.

சோடியத்திடம் இவ்வித்தை பலிக்காது. உப்புக் கரைசலில் நீர் முந்திக்கொண்டு ஹைட்ரஜனைத் தரும். உப்பை உருக்கினாலே சோடியம் கிட்டும். 1807-இல் டேவி சோடியத்தைப் பிரித்ததும் உருகிய எரிசோடாவிலிருந்தே.