தமிழ்நாட்டின் ஊரகக் கூட்டுறவு வங்கி அமைப்பு

தமிழ்நாட்டின் ஊரகக் கூட்டுறவு வங்கி அமைப்பு மூன்று அடுக்குகளால் ஆனது. ஊரளவில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், மாவட்ட அளவில் மத்தியக் கூட்டுறவு வங்கி, சென்னையில் தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி என்பன அவை. வணிக வங்கியில் கிளை தலைமையகத்தின் உடைமை. இங்கு உடைமை கீழிருந்து மேலே செல்கிறது. சங்கம் பங்கு வாங்கிய விவசாயிகளுக்கு உரியது. சங்கங்கள் மத்திய வங்கியின் பங்குதாரர்கள். மத்திய வங்கிகள் தலைமை வங்கியின் பங்குதாரர்கள். ஆகவே திருப்பூர் மாவட்டத்தின் வெள்ளகோவில் வட்டாரத்தில் மக்கள் ‘சொசைட்டி’ என்று சொல்லும் சங்கம் எந்த வங்கிக்கும் கிளை அல்ல. தனியே பதிவு பெற்று, தனக்கென உறுப்பினர்களும் கணக்கும் கொண்ட நிறுவனம் அது.

தோற்றம்

இந்த அமைப்புக்கு அடிகோலிய அறிக்கையை எழுதியவர் கொங்கு நாட்டை நன்கறிந்த ஆங்கிலேய அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன். 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் இவரே. காங்கேயம், தாராபுரம் பகுதிகள் அப்போது அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. கிணற்றுப் பாசனம், மானாவாரி, கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலம் ஆகியவற்றை நம்பிய சீமை அது. கிணறு வெட்டவும் தூர் எடுக்கவும் ஒரே தவணையில் பெரும் பணம் வேண்டும். வருமானமோ மழையைப் பார்த்து வரும். இந்த இடைவெளியை வட்டிக்கடைக்காரரே நிரப்பினார்.

ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராயுமாறு சென்னை அரசு 1892-இல் நிக்கல்சனைப் பணித்தது. அவரது அறிக்கை 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. தென்னிந்தியாவில் ‘நிதி’ எனப்பட்ட சேமிப்புச் சங்கங்களையும் ஆராய்ந்த அவர், ஜெர்மனியில் ரைஃபைசன் நிறுவிய ஊர்க்கடன் சங்கங்களையே முன்மாதிரியாகக் கொண்டார். ஒரு சங்கத்துக்கு ஒரு சிற்றூரே எல்லை, ஒருவரையொருவர் அறிந்தவர்களே உறுப்பினர்கள், கடனுக்கு அனைவரும் கூட்டாகப் பொறுப்பு, நிர்வாகிகளுக்கு ஊதியம் இல்லை என்பவை அச்சங்கங்களின் நெறிகள். அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாதவரின் நாணயத்தை அயலார் அறிவர். அந்த அறிவே ஈடாக நின்றது.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஊர்ச் சங்கங்களில் உறுப்பினர் பொறுப்புக்கு வரம்பில்லை என்பதே அதன் பொது விதி. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் வேளாண்மைச் சங்கம் ஒன்றும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் பதிவாயின. நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் நிறுவனங்களுள் இவை அடங்கும்.

ஊர்ச் சங்கத்தில் சேரும் வைப்பு ஊரின் தேவைக்குப் போதவில்லை. விதைப்புக் காலத்தில் எல்லோருக்கும் ஒருசேரக் கடன் வேண்டும். அறுவடைக்குப் பின் எல்லோர் பணமும் ஒருசேரத் திரும்பும். நகரப் பணத்தை ஊருக்குக் கொண்டுவர 1905-இல் சென்னை மத்திய நகர வங்கி தோன்றியது. இன்றைய மாநிலத் தலைமை வங்கி அதன் தொடர்ச்சியே. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்கள் கூடி மத்திய வங்கி அமைக்கத் தெளிவான இடம் அளித்தது. 1914–15-இல் ஆராய்ந்த மெக்லகன் குழு மாகாண வங்கி, மத்திய வங்கி, ஊர்ச் சங்கம் என்ற வரிசையை வலியுறுத்தியது. மூன்றடுக்கு இவ்வாறு உறுதிப்பட்டது.

கட்டமைப்பு வளர்ந்த அளவுக்குக் கடன் வளரவில்லை. 1951–52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடு மட்டுமே. வட்டிக்காரர்களின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. 1954-இல் வெளியான அறிக்கை அரசும் பங்குதாரராகச் சேரவேண்டும் என்றது. அவ்வாறு வந்த பங்கு முதலே எளிய சங்கங்களை நிமிர்த்தியது. வரம்பில்லாப் பொறுப்பு மெல்ல மறைந்தது.

அடுக்குகளும் பணத்தின் வழியும்

மாநிலத்தில் சுமார் 4,450 தொடக்கச் சங்கங்களும் 23 மத்திய வங்கிகளும் உள்ளன. வருவாய் மாவட்டமும் வங்கியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காங்கேயம் வட்டத்தைச் சேர்ந்த வெள்ளகோவில் 2009-இல் ஈரோட்டிலிருந்து புதிய திருப்பூர் மாவட்டத்துக்கு மாறியது. ஆனால் காங்கேயம், தாராபுரம் பகுதிச் சங்கங்கள் ஈரோடு மத்திய வங்கியோடே தொடர்ந்தன.

பயிர்க்கடன் கேட்பவர் உறுப்பினராக வேண்டும். நிலப் பதிவேடுகளான சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் நகல்கள் தரவேண்டும். ஏக்கருக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் வரையறுக்கிறது. கடனில் ஒரு பகுதி உரமாகவும் கிடைக்கும். சங்கம் தன் வைப்பிலிருந்தும் மத்திய வங்கி தரும் கடனிலிருந்தும் கொடுக்கிறது. மத்திய வங்கி தன் வைப்புக்கு மேல் வேண்டியதைத் தலைமை வங்கியிடமும், தலைமை வங்கி 1982-இல் அமைந்த நபார்டு வங்கியிடமும் பெறுகின்றன. உபரிப் பணம் இதே படிகளில் மேலேறுகிறது. படி ஒன்றைக் குறைத்தால் செலவு மிச்சமாகலாம். ஆனால் உள்ளூர் மழையையும் மனிதரையும் அறிந்து முடிவெடுக்கும் இடம் தொலைவாகிவிடும்.

நகைக்கடன், கால்நடைப் பராமரிப்புக் கடன், சுய உதவிக் குழுக் கடன் ஆகியவற்றையும் சங்கங்கள் வழங்குகின்றன. தேங்காய்ப் பருப்பு போன்ற விளைபொருளை விலை ஏறும்வரை இருப்பு வைக்க விரும்பும் விவசாயிக்கு ஈட்டுக்கடன் உதவும். நியாயவிலைக் கடைகள் பலவற்றையும் இவையே நடத்துகின்றன. சென்னிமலை போன்ற ஊர்களின் கைத்தறி நெசவாளர் சங்கங்கள் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் மத்திய வங்கிகளிடம் நடைமுறை மூலதனம் பெறுகின்றன. கிணறு, நில மேம்பாடு ஆகியவற்றுக்கான நீண்டகாலக் கடன் கூட்டுறவு வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கிகள் என்னும் தனி அமைப்பைச் சேர்ந்தது.

மேற்பார்வை

மூன்று அடுக்குகளும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கும் பதிவாளருக்கும் உட்பட்டவை. பதிவாளரின் கீழ் மண்டலத்தில் இணைப்பதிவாளரும் சரகத்தில் துணைப்பதிவாளரும் உள்ளனர். மேலிரு அடுக்குகள் 1966 முதல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலும் உள்ளன. அவற்றை நபார்டு ஆய்வு செய்கிறது. தொடக்கச் சங்கம் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வெளியே நிற்பதால் ‘வங்கி’ என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. மத்திய வங்கியின் வைப்புகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடும் தொடக்கச் சங்கத்தின் வைப்புகளுக்கு இல்லை.

இன்றைய நிலை

தவணை தவறாத பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. 2006, 2016, 2021 ஆண்டுகளில் மாநில அரசு பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2018-இல் தேர்வான நிர்வாகக் குழுக்களின் காலம் 2023-இல் முடிந்தபின் சங்கங்கள் தனி அலுவலர்களின் பொறுப்புக்கு வந்தன. சங்கங்களைக் கணினிமயமாக்கும் மத்திய அரசின் திட்டம் 2022-இல் ஒப்புதல் பெற்றது.