முறுகிய கால்கள்: மார்க்கோ போலோவின் ஒரு வாக்கியமும் குதிரை எலும்பின் சாட்சியமும்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து நிற்கும் குதிரமாளிகையின் இறவாரத்தின் கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சுவாதித் திருநாள் (1813–1846) எழுப்பிய அரண்மனை அது. தென்னகத்தில் மரக்குதிரை நிலைக்கும், உயிர்க்குதிரை நிலைக்காது என்றொரு கருத்து வரலாற்று எழுத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அக்கருத்துக்குப் பெரும்பாலும் மேற்கோளாகக் காட்டப்படுபவர் மார்க்கோ போலோ.

1290களின் தொடக்கத்தில் பாண்டியர் கரையைக் கண்ட போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைக் கப்பல்கள் காயலில் வந்து சேர்வதைக் குறிப்பிடுகிறார். மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். குதிரை மருத்துவம் அறிந்தோர் அங்கில்லை. வணிகர் அத்தகையோரை அங்குச் செல்ல விடுவதுமில்லை. அரிசியோடு சமைத்த இறைச்சியே தீனி என்பன அவர் கூறும் காரணங்கள். இவற்றோடு அதிகம் கவனிக்கப்படாத ஒரு செய்தியும் உண்டு. உயர்ந்த ஆண்குதிரையும் உயர்ந்த பெண்குதிரையும் இணைந்தாலும், பிறக்கும் குட்டி சிறுத்து, கால் முறுகி, ஏறிச் செல்லத் தகாததாக இருக்கும் என்கிறார்.

குதிரை வணிகம் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையையும் விலையையும் விரிவாக விவாதித்துள்ளன. கால் முறுகிய குட்டியோ தட்பவெப்பத்தின் விளைவாக, அல்லது உள்ளூராரின் அறியாமைக்குச் சான்றாகக் கடந்து செல்லப்படுகிறது. தட்பவெப்பம் மட்டும் போதிய விளக்கமாகாது. கேரளக் காவல்துறையின் குதிரைப் பிரிவு திருவனந்தபுரத்து ஈரக்காற்றில்தான் இன்றும் பணியாற்றுகிறது. அறியாமை என்னும் தீர்ப்பும் எளிதன்று. புரவி, பரி, இவுளி, மா எனத் தமிழில் குதிரைக்குப் பல சொற்கள் இருப்பதால் மட்டும் வளர்ப்புத் திறன் நிறுவப்பட்டுவிடாது என்பது உண்மை. ஆயினும் அதே தருக்கத்தின்படி, ஓர் அயலாரின் ஒரு வாக்கியத்தால் அத்திறனின்மையும் நிறுவப்பட்டுவிடாது.

எலும்பியல் இங்கு மூன்றாவது வழியொன்றைத் திறக்கிறது. குதிரையின் தீனியில் கால்சியம் பாஸ்பரசுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மிகுதி. எலும்பு நீக்கிய இறைச்சியும் அத்தகையதே. இவ்விகிதம் தலைகீழானால் பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். நடை நொண்டும்; தாடையெலும்பு உப்பும். ஆங்கிலேயக் குதிரைக்காரர்கள் இதைத் ‘தவிட்டு நோய்’ என்றும் ‘மாவாலைக்காரர் நோய்’ என்றும் அழைத்தனர். வேதியியல் விளக்கம் வருமுன்பே நோயின் பெயர் தீனியைச் சுட்டிவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் குரூக், லோவ் ஆகியோர் பாஸ்பரஸ் மிகுந்த தீனி அளித்து இந்நோயை உருவாக்கி, 1964-இல் அதன் இயக்கத்தை விளக்கினர்.

இந்நோயின் தொடக்கத்தைக் கண்டறிவது கடினம். எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் இரத்தக் கால்சியம் இயல்பளவில் இருக்கக்கூடும். ஏறத்தாழ 30 விழுக்காடு கனிமம் இழந்த பிறகே எக்ஸ்ரே படத்தில் மாற்றம் தெளிவாகும். எனவேதான் பயாப்சி தேவைப்படுகிறது. குதிரையை மயக்கிப் படுக்க வைக்காமல், நின்றநிலையில் அமைதிப்படுத்தி, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, இடுப்பெலும்பின் இறக்கைப் பகுதியிலிருந்து சிறு உருளை வடிவ எலும்புத் துண்டை எடுக்கலாம். இம்முறையையும் அதன் நுண்ணளவீட்டையும் சாவேஜ், ஜெஃப்காட், மெல்சென் முதலியோர் 1991-இல் வெளியிட்டனர். கனிமம் நீக்காமல் சீவிய துண்டில், கனிமம் படியாத புது எலும்பின் அகலத்தையும், கரைந்த குழிகளின் பரப்பையும் அளக்க முடியும்.

எலும்பு வளரும் வேகத்தை அளக்கும் முறைக்கும் சுவையான வரலாறு உண்டு. 1736-இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர், துணியச்சுத் தொழிலாளி ஒருவர் வீட்டு விருந்தில் பன்றியின் எலும்பு சிவந்திருக்கக் கண்டார். மஞ்சிட்டியின் இனமான மேடர் சாயம் தோய்ந்த தவிட்டை அப்பன்றிகள் தின்றிருந்தன. வளரும் எலும்பு சாயத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது அதனால் தெரிய வந்தது. 1957-இல் டெட்ராசைக்ளின் மருந்தும் அவ்வாறே எலும்பில் படிந்து, புறஊதா ஒளியில் மிளிர்வது கண்டறியப்பட்டது. சில நாள் இடைவெளியில் இருமுறை அம்மருந்தைக் கொடுத்தபின் பயாப்சி எடுத்தால் இரு ஒளிக்கோடுகள் தெரியும். அவற்றின் இடைவெளியே எலும்பு வளர்ந்த அளவு.

இவ்வறிவோடு போலோவை மீண்டும் வாசித்தால், தனித்தனிக் குறைகளாக அவர் அடுக்கிய தீனியும் முறுகிய காலும் காரணமும் விளைவுமாக இணையக்கூடும். இது முடிவன்று, கருதுகோள். செம்புக் குறைபாடும் பிறவும் குட்டியின் காலைக் கெடுக்க வல்லவை. குதிரைகளின் இறப்புக்கோ வேறு பல காரணங்கள் இருக்கலாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியன தரப்பட்டதாக எழுதுகிறார். பால் கால்சியம் மிகுந்தது. இரு சாட்சிகளும் எலும்பைப் பொறுத்தவரை எதிரெதிர்த் திசைகளைக் காட்டுகின்றனர். நாட்டுத் தீனியான கொள்ளில் கால்சியமும் பாஸ்பரசும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன என்பதையும் மறத்தலாகாது. எனவே கேட்க வேண்டியது தமிழருக்குக் குதிரை வளர்க்கத் தெரியுமா என்பதன்று. எந்த இலாயத்தில், எந்தக் குதிரைக்கு, எது தீனியாயிற்று என்பதே.

கேரளத்தின் அமிலச் செம்மண் எலும்பை விரைவில் அரித்துவிடும். ஆகவே துறைமுகங்களில் கிடைக்கும் ஒவ்வொரு குதிரை எலும்பும் அரியது. அத்தகைய துண்டொன்றின் நுண்ணமைப்பை விளங்கிக்கொள்ள, நலமான எலும்பும் நோயுற்ற எலும்பும் எவ்வாறு தோன்றும் என்னும் ஒப்பீட்டு அளவுகள் வேண்டும். உயிருள்ள குதிரைகளின் பயாப்சிகளே அவற்றைத் தருகின்றன. எழுநூறு ஆண்டுகளாக ஒரு சமூகத்தின்மேல் நிற்கும் தீர்ப்பை மறுவிசாரணை செய்ய, ஏடு வாசிப்போரும் எலும்பு வாசிப்போரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும்.