பூத்தூவிய பிறகு

2020 மே 3 அன்று, கொரோனாவை எதிர்த்து நின்ற மருத்துவப் பணியாளர்களைப் பாராட்டி, நாட்டின் பல மருத்துவமனைகள் மீது ராணுவ ஹெலிகாப்டர்கள் பூத்தூவின. மே 5இல் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. மே 6இல் அரியலூர் மாவட்டத்தில் மட்டும் ஒரே நாளில் 188 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலானோர் கோயம்பேட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்து, ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள். பக்கத்திலுள்ள பெரம்பலூருக்கும் இப்படியே தொற்று வந்தது.

இந்த ஊர்களுக்கு ஹெலிகாப்டர் வரவில்லை; கிராம சுகாதார செவிலியர்தான் வந்தார். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர். சென்னையிலிருந்து யார் வந்தார், யாருக்குக் காய்ச்சல் என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தவரும் அவரே. கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவரும் அவரே. பஸ் நின்றது. பிரசவ வலி நிற்கவில்லை.

தோழர்களே, இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பிள்ளைப்பேற்றின் ரத்தத்தைத் தீட்டு என்றது சாதி. அந்தத் தீட்டைத் தொடும் வேலையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தலையில் கட்டியது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் நாவிதர் சமூகத்து மருத்துவச்சிகள், வட இந்தியாவில் தலித் பெண்கள். கூலியாகக் கிடைத்தது நெல்லும் பழைய சேலையும். இன்று எல்லாச் சாதியிலிருந்தும் செவிலியர்கள் வருகிறார்கள். ஆனால் பிரசவ அறையைக் கழுவும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் யார் என்று பாருங்கள். சாதி அங்கே இன்னும் கையில் துடைப்பத்தோடு நிற்க வைத்திருப்பது நம் பெண்களைத்தான்.

கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. தொற்றுக் காலத்தில் தேவைப்பட்டவர்கள், தொற்று தணிந்ததும் உபரி ஆனார்கள்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை அண்ணல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலனுக்கானது, ஆகவே அந்தச் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். மறு ஆண்டு அது சட்டமானது. தாய்க்குப் பேசிய அந்த நியாயம் தாயைப் பார்த்துக்கொள்பவருக்கும் பொருந்தும். அவர்களுக்கு வேண்டியது பூ அல்ல. நிரந்தரப் பணி, முழு ஊதியம், நோய் வந்தால் இழப்பீடு.

அரசு ஆவணங்களில் தொற்று எண்ணிக்கை இருக்கிறது. இந்தப் பெண்களின் உழைப்பு இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். உங்கள் ஊர் செவிலியரையும் தூய்மைப் பணியாளரையும் சந்தியுங்கள். அந்த மே மாதத்தில் எத்தனை வீடு நடந்தார்கள், முகக்கவசம் யார் கொடுத்தது, எந்தத் தெருவில் தண்ணீர்கூடத் தர மறுத்தார்கள் என்று கேளுங்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள்.

ஜெய்பீம்.