வாய்திறந்து சொன்ன வலி



பிள்ளைப்பேற்றின் பின் சில பெண்களுக்குக் கருப்பை இறங்கும். இருமினாலே சிறுநீர் கசியும். இதற்குத் தீர்வென்று பொலிபுரொப்பிலீன் இழையில் பின்னிய வலையை உடலுக்குள் வைத்தார்கள். சிலருக்கு அது தசையை அரித்தது; தீராத வலியைத் தந்தது. சதையோடு ஒட்டி வளர்ந்த வலையை எடுப்பதும் இலகுவல்ல.

2012இல் அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றத்தில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழும நிறுவனங்கள்மீது கூட்டு வழக்கொன்று தாக்கலானது. மூன்று பெண்களின் கதையை வைத்து மற்றவர்களுக்கும் சேர்த்தே விசாரணை நடந்தது. வலியைச் சொல்லியும் வைத்தியர்கள் நம்பவில்லை என்று 2018இல் அறிக்கை வெளியிட்ட செனற் விசாரணையில் பலர் முறையிட்டார்கள். அவ்வருடமே அரசு மன்னிப்புக் கேட்டது. 2019 நவம்பரில் நீதிபதி அனா கட்ஸ்மன், நிறுவனங்கள் கவனயீனமாக நடந்தன, ஆபத்தை ஒழுங்காக எச்சரிக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். 2021இல் மேன்முறையீடு தள்ளுபடியானது. 2022இல் 30 கோடி டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது.

கணக்காளனான எனக்கு அந்தத் தொகையைவிடப் பெரிதாகத் தெரிவது பத்து வருடம். பதியாத செலவு கணக்கில் வராது. சொல்லாத வலியும் வைத்தியரின் பதிவேட்டில் ஏறாது.

அம்மாவுக்கு மொழிபெயர்க்க நானும் வைத்தியரிடம் போனவன். மகன் முன்னால் "இடுப்பு நோகுது" என்று மட்டும்தான் சொன்னா. மிச்சத்தை இன்றுவரை நான் அறியேன். உங்கள் அம்மாவுக்கு ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் வெளியே இருங்கள்.